புதுப் பாட்டிலில் ஜெல் வரவில்லை

மார்ச் 3
குப்பியைக் கவிழ்த்தால் ஜெல் அசையாமல் நிற்க வேண்டும். இன்று தண்ணீராக வழிந்தது. பெப்டைடு என்னும் புரதத் துணுக்கின் தூளைக் கரைப்பானில் போட்டுச் சூடாக்கி ஆறவிட்டால், தானே நூல் நூலாகப் பின்னிக்கொண்டு உறையும். இரண்டு வருடமாகத் தவறியதில்லை. மாறியது ஒன்றுதான்: கரைப்பான் பாட்டில் புதிது.

மார்ச் 5
ஆறு குப்பி. ஆறும் வழிந்தன. பழைய பாட்டிலின் மிச்சத்தில் ஒன்று செய்தேன். கல் மாதிரி நின்றது.

மார்ச் 6
வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். வெளியான எங்கள் ஆய்வுக் கட்டுரையில் இருப்பதுபோலவே செய்தும் ஜெல் வரவில்லையாம். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். புளுகி என்று நினைத்துவிட்டார்களோ?

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் கணவர். தலைவலி என்றேன்.

மார்ச் 9
தெரிந்துவிட்டது. என் சோம்பல்தான். பழைய பாட்டிலை ஒவ்வொரு முறையும் மூடாமல், வேலை முடியும்வரை திறந்தே வைப்பேன். இரண்டு வருடம் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கிறது. அளந்து பார்த்தேன்: நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர். புதுக் கரைப்பானில் அதே அளவு தண்ணீர் விட்டேன், ஜெல் நின்றது.

கட்டுரையில் நான் எழுதியிருப்பது, 'ஈரமற்ற கரைப்பான்'. ஜெல் பொய் இல்லை. நான் எழுதியதுதான் பொய்.

மார்ச் 10
பழைய பாட்டிலின் மிச்சத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டால்? ஜெல் வரும், வாயை மூடிக்கொள்வார்கள். ஐயோ, நானா இப்படி யோசிக்கிறேன்! அடுத்த மாதம் முனைவர் பட்டத் தேர்வு. எல்லாம் போச்சுன்னா என்ன பண்ணுவேன்?

மார்ச் 11
என் ஆய்வு வழிகாட்டி மேடத்தின் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். இரண்டு தடவை.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். மேடம் எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறவர். இன்று பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அந்த மெயில் எனக்கும் வந்துச்சும்மா. போன வாரமே."

"ஏன் மேடம் கேக்கல?"

"கேட்டு, ஆமா பொய்யாத்தான் எழுதினேன்னு நீ சொல்லிட்டா? அந்த பயத்துலதான் உன் கண்ணுல படாமயே சுத்திட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

மார்ச் 20
கட்டுரை வந்த ஆய்விதழுக்குத் திருத்தக் கடிதம் போய்விட்டது. திருத்தம் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும், தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போகிறது. அது பரவாயில்லை.

மதியம் மேடம் என் ஆய்வு நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். முன்பெல்லாம் புரட்டியதுகூட இல்லை. முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.