சரிசெய்யப்பட்டது

மார்ச் 3
மகள் வேலைக்காக வெளியூர் போய்ப் பதினொரு நாள். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவள் கூப்பிட்டபோது போனை எடுக்காததற்குக் காரணம், வேலையாக இருந்தேன். ஆறு முறையும்.

மார்ச் 5
குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவில் எனக்கு நல்ல பெயர். மாதக் கடைசியில் நிலுவையே இருக்காது. குழாய் ரிப்பேர் பார்க்கும் பிட்டர் போனாலும் போகாவிட்டாலும் எல்லாவற்றிலும் 'சரிசெய்யப்பட்டது' என்று முத்திரை குத்திவிடுவேன். இருபது வருட அனுபவம்.

மார்ச் 6
வாசலில் தண்ணீர் கசிகிறது என்று ஓர் அம்மாள் நான்காவது தடவையாக வந்தார். போன மாதமே சரியாகிவிட்டது என்று பதிவேட்டைக் காட்டினேன்.
"உங்க நோட்டுல கசியலைங்க. என் வீட்டு வாசல்லதான் கசியுது."

மார்ச் 7
"அவ மேல கோபமா?" என்றாள் மனைவி.
"இல்லையே."
"அப்ப ஏன் அவ ரூமை தினம் பூட்டறீங்க, தினம் திறந்து பாக்கறீங்க?"
தூசி, என்றேன்.

மார்ச் 9
பிட்டருடன் அந்த அம்மாள் வீட்டுக்கு நானே போனேன். வாசலில் முந்தைய புகார்களுக்குப் பூசிய மூன்று அடுக்கு சிமெண்ட்.
"தண்ணி வெளிய வர்ற இடம் இது சார். உடைசல் வேற எங்கயோ" என்று நான்கடி தள்ளித் தோண்டினார். அங்கேதான் இருந்தது.

அதே நாள், மாலை
சரி, தோண்டுவோம். கோபம், எழுதிவிட்டேன். எதற்கு? "போகட்டுமாப்பா?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். போய்விட்டாள். இதில் அவள் தப்பு என்ன? காலையில் பேப்பரைப் படித்து நான் கிண்டலடித்தால் சிரிக்க ஆள் இல்லை. மனைவி எல்லாவற்றையும் இருபத்தாறு வருடமாகக் கேட்டுவிட்டாள். அதற்கும் கீழே — நான் இல்லாமலே அவள் நன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பாளோ? பயம்டா உனக்கு. வெறும் பயம்.

மார்ச் 10
மகள் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தேன்.
"இத்தனை நாளா வேலையாப்பா?"
"இல்லம்மா. கோபம்னு நினைச்சிட்டு இருந்தேன். நீ இல்லாம வீடு நல்லாவே இல்ல."
மூக்கை உறிஞ்சினாள். "இதைச் சொல்ல பதினெட்டு நாளாப்பா?"
"அரசாங்க வேலை. முன்ன பின்ன ஆகும்."
சிரித்தாள்.

மார்ச் 31
நிலுவை பதினேழு. "என்னய்யா, வயசாயிடுச்சா?" என்றார் அதிகாரி. ஆமாம் சார், என்றேன்.
பதிவேட்டில் இல்லாதது ஒன்று: அவள் அறையைத் தாண்டும்போது இன்னும் நெஞ்சு கனக்கிறது. அதற்கும் முத்திரை குத்தவில்லை. கதவைப் பூட்டுவதில்லை. நாளைக் காலைப் பேப்பரைப் போனில் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.