பெரிய திரையில் ஜெனியின் படம்

கேபிளைச் செருகியதும் மானிட்டர் ஒரு கணம் கறுத்துப்போய், 'சிக்னல் இல்லை' என்றது. எத்தனை வருடமாகப் பார்க்கிற கறுப்பு! இருந்தும் இன்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். லேப்டாப்பில் காத்திருப்பது உன் மகள் ஜெனியின் மேமோகிராம், மார்பக எக்ஸ்ரே. நாற்பதைத் தொடப்போகிறாள், உனக்கு மார்பில் புற்றுநோய் வந்ததால் அவளும் எடுத்துப் பார்த்துவிட வேண்டுமென்று நான்தான் நச்சரித்தேன். தஞ்சாவூர் ஸ்கேன் சென்டரிலிருந்து படம் காலையிலேயே வந்துவிட்டது. நான் டீ போட்டேன், மேசையைத் துடைத்தேன். திறக்கத்தான் பயம்.

நாம் இருவரும் அந்த சென்டரில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தபோது, "லேப்டாப் திரையில மேமோ பார்க்க முடியாதுங்க" என்று முதலாளியோடு மல்லுக்கட்டிப் பெரிய மானிட்டர் வாங்க வைத்தவள் நீ. அது வந்த வாரமே, சும்மா பார்ப்போமே என்று உன்னையே படம் எடுத்துக்கொண்டாய். சாப்பாட்டு நேரம். ஆளுக்கொரு திரையில் சேர்ந்து பார்க்கலாமென்று, இரண்டிலும் ஒரே படம் வரும்படி வைத்தேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "சுத்தம்டி, ஒண்ணுமில்ல" என்றேன். நீ சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தாய்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாய். "நூரு, எழுத்து ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டிலும் ஒரே படம் என்று வைத்ததால், பெரிய திரையும் லேப்டாப்பின் அளவுக்கு இறங்கிவிட்டது. நுணுக்கம் எல்லாம் மங்கிப்போயிருந்தது. நீயே இடது கையால் மாற்றினாய். திரை கறுத்து, மீண்டும் வந்தது. ஓர் ஓரத்தில் ரவை சிந்தினாற்போல வெள்ளைப் புள்ளிகள், ஒரே கூட்டமாக. மற்றவர்கள் படங்களில் நாம் தேடுகிற அதே அடையாளம்.

"ம். இப்பதான் சரியா தெரியுது" என்றாய். யாரோ ஒருத்தியின் ரிப்போர்ட்டைச் சொல்லுகிற அதே குரல். புள்ளிகளைவிட அந்தக் குரலுக்குத்தான் நான் பயந்தேன். அன்று கண்டுபிடித்ததால் இன்னும் சில வருடங்கள் எங்களோடு இருந்தாய். அவ்வளவுதான் கிடைத்தது.

ஃபோன் அடித்தது. ஜெனிதான். "ஆன்ட்டி, நீடாமங்கலம் கேட்ல மாட்டிக்கிட்டேன். ட்ரெயின் இன்னும் வரல. படம் பார்த்துட்டீங்களா?"

"நீ வாம்மா, நேர்ல பேசிக்கலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வியாதி உள்ளவர்களிடம் நீயும் நானும் சொல்லிவந்த வார்த்தை அது. டாக்டர் மகளுக்குத் தெரியாதா?

"ஆன்ட்டி?"

"ஐயோ, இல்லம்மா! இன்னும் திறக்கவே இல்ல, சத்தியமா!"

அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. திரைகளைத் தனித்தனியாகப் பிரித்தேன், அளவு சரிதானா என்று பார்த்தேன், படத்தைத் திறந்தேன். ஓரத்திலிருந்து ஓரம் வரை தேடினேன். ஒன்றும் இல்லை.

சற்று நேரத்தில் ஜெனி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள். "சொல்லுங்க ஆன்ட்டி."

"ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கு."

ஜெனி சிரித்தாள். அப்படியே நீ, டிபன் பாக்ஸைத் திறந்தபோது சிரித்த மாதிரி. அன்றும் 'சுத்தம்' என்றுதான் நான் சொல்லியிருந்தேன். "கொஞ்சம் இரு" என்று திரும்பவும் மானிட்டர் பக்கம் உட்கார்ந்தேன். அவள் முகத்தில் சிரிப்பு வடிவது தெரிந்தது. தெரிந்தும் என்னை நிறுத்திக்கொள்ள முடியவில்லை. என் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள். மறுபடியும் ஒன்றும் இல்லை.

அவளைச் சாப்பிடவைத்து அனுப்பிவிட்டேன். பஸ் ஏறியிருப்பாள். நான் மூன்றாம் முறையாகப் படத்தைத் திறந்துகொண்டிருக்கிறேன்.