திஹோமிர் வீசிய தினை

பெல்கிரேடு, 1943 டிசம்பர்

அன்புள்ள ஸ்டோய்னா,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்காதே. கொல்லப் போன வீட்டில் தினை பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உன் தோள் காயம் ஆறிவருகிறதா?

நம்மைக் கொல்ல வந்தவர்களை நாம் ஜோடியாக வேட்டையாடினோமே, அதில் உன்னைக் குத்திவிட்டுத் தப்பிய திஹோமிரை நேற்று அந்தியில் கண்டுபிடித்தேன். மறுபடி வந்து உன்னை முடித்துவிடுவானோ என்றுதானே கிட்டத்தட்ட இரண்டு வருடமாக அலைகிறேன். கதவைத் திறந்ததும் ஒரு பிடி தினையை வீசினான். சிந்திய தானியத்தை எண்ணாமல் நம்மைப் போன்ற ரத்தக்காட்டேரியால் நகர முடியுமா? உட்கார்ந்தேன். பார்த்தால், அவனும் எதிரே மண்டியிட்டுப் பொறுக்குகிறான்.

"யோவ் கிழவா, எண்ணிக்கை தப்புது, கையை எடு!"

"எண்ணிட்டு இந்தச் சட்டியில போடுய்யா. வீட்ல இருக்கிறதே இவ்வளவுதான். என் பொஞ்சாதி சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு."

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்று விடாமல் போட்டேன். பிறகு அவன் கழுத்தைத் தொட மனம் வரவில்லை.

நம் கல்லறை மண்ணை, நீ படுக்கும் பக்கத்திலிருந்து, ஒரு பை அனுப்பு. அந்த மண்ணில் படுக்காமல் இங்கே கண் மூட முடியவில்லை. விடிகிறது, முடிக்கிறேன்.

உன் வூக்கான்

பி.கு.: உன்னைக் குத்திய முள்மரக் கழி எங்கே என்று அவனைக் கேட்டேன். போர் வந்த முதல் பனிக்காலத்திலேயே குளிருக்கு அடுப்பில் எரித்துவிட்டானாம். நான் உன்னை விட்டுப் புறப்பட்டது அதற்குப் பிறகுதான்.