சுக்கானுக்குப் பின்னால் சுவர்

மார்ச் 4
கப்பலிலிருந்து

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம். கடலே வேண்டாமென்று வீட்டில் உட்கார்ந்துவிட்ட உங்கள் நலமும் அறிய ஆவல். மகள் தயவில் சொகுசுக் கப்பலில் தின்று தின்று ஜாக்கெட்டெல்லாம் இறுக்கமாகிவிட்டது.

நேற்று இறங்கிய துறைமுகத்தில் ஒரு கடல் அருங்காட்சியகம். வாசலில் கட்டி வைத்திருப்பது எது தெரியுமா? நீங்களும் என் தம்பியும் வேலை பார்த்த அதே சரக்குக் கப்பல்! நீங்கள் பிடித்த சுக்கானை நானும் பிடித்துப் பார்த்தேன்.

அங்கேதான் ஒன்று உறுத்தியது. புயலில் சுக்கானை விட முடியாமல் நின்றபடி, பின்தளத்திலிருந்து தம்பியை அலை அடித்துப் போனதைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். "அக்காவ நீங்க பாத்துக்கங்க" என்று அவன் கத்தியது கேட்டதாம். அந்தச் சொல்லுக்காகத்தான் அம்மா என்னை உங்களுக்குக் கொடுத்தாள். ஆனால் சுக்கானுக்குப் பின்னால் ஜன்னலே இல்லை, இரும்புச் சுவர். பாப்பாவைப் பின்தளத்துக்கு அனுப்பிக் கத்தச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை.

போனில் கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள். எழுதி அனுப்புங்கள். வரவேற்பறையில் மின்னஞ்சலை அச்செடுத்துத் தருவார்கள்.

உங்கள்
பாப்பா அம்மா

மார்ச் 5

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

குக்கரோடு மல்லுக்கட்டுகிறேன், இதுவரை அதுதான் ஜெயிக்கிறது. முட்டிக்கு மருந்து தடவுகிறாயா?

சுவரா? அருங்காட்சியகக்காரர்கள் எதையாவது மாற்றிக் கட்டியிருப்பார்கள். ஜன்னல் இருந்தது. இதையெல்லாம் நோண்டாமல் ஊர் சுற்றிப் பார்.

உன்
கப்பல்காரன்

மார்ச் 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

நோண்டத்தான் செய்வேன். அங்கிருந்த காப்பாளரிடம் அன்றைக்கே கேட்டுவிட்டேன். "ஒரு ஆணிகூட மாத்தலம்மா, அப்ப இருந்தபடியே இருக்கு" என்றார். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பார்க்கத்தான் அதை எழுதவில்லை. ஜன்னல் இருந்தது என்று கூசாமல் எழுதுகிறீர்கள்!

பக்கத்தில் நின்றுகொண்டே அவனை விட்டுவிட்டீர்களா? உண்மையில் எங்கே நின்றீர்கள்?

பாப்பா அம்மா

மார்ச் 8

பாப்பா அம்மாவுக்கு,

ஐயோ, அப்படி மட்டும் நினைக்காதே. சுக்கானில்தான் நின்றேன். எதையும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. புயல் அடங்கி இறங்கிப் போனபோது அவன் இல்லை. அவன் போனதை யாருமே பார்க்கவில்லை.

அவன் பெட்டியைக் கொடுக்க நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, "கடைசியா ஏதாவது சொன்னானாப்பா?" என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ கதவோரம் நின்றாய். உன்னைப் பெண் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சாதாரண மாலுமிக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அந்தப் பொய் வாயில் வந்துவிட்டது.

கப்பல் திரும்பும் அன்று துறைமுகத்துக்கு வருகிறேன். நேரில் திட்டு.

உன்
கப்பல்காரன்

மார்ச் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

வர வேண்டாம். பாப்பா வீட்டுக்குப் போகிறேன்.

உங்களைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள். அன்றைக்கு உங்கள் வாயாலேயே கேட்டிருந்தால் சரியென்றிருப்பேன். கதவோரம் வேறு எதற்காக நின்றேனாம்?

ஆனால் சாகும்போதும் தம்பி என்னை நினைத்தான் என்றுதான் இத்தனை வருஷமும் மனசைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், யாரும் பார்க்காமல் போயிருக்கிறான். முதலில் அவனுக்காக அழுது முடிக்கிறேன். உங்களைப் பற்றி அப்புறம்தான் யோசிக்க முடியும்.

பாப்பா அம்மா