தடிப்பு ஒயில்

19 ஜனவரி 2025

காருக்கு ஒயில் மாற்ற வேண்டுமாம். மருமகன் சாருஜன் முற்றத்துக் கதிரையில் இருந்து, காரோடு வந்த ஜப்பான் புத்தகத்தைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்துத் தமிழாக்கிப் படிக்கிறான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அவனுக்கு வேண்டியது சைபர்-இருபது என்கிற மெல்லிய ஒயில். தண்ணீர் மாதிரி இருக்கும். எங்கள் தர்மபுரத்தில் றிப்னாஸின் கடையில் மட்டும்தான் கிடைக்கும். இந்த வெயிலுக்கு அது நிற்காது, வயல் உழுகிற ரக்ரருக்கு ஊற்றுகிற இருபது-ஐம்பதை ஊற்று, தடிப்பான ஒயில்தான் எஞ்சினைக் காக்கும் என்றேன். பெற்றோல் இல்லாத சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, காயக்காரரை ஏற்றி இறக்கியவன். ஒயில் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். எந்த எஞ்சின் என்னிடம் மாட்டேன் என்றது?

"மாமா, அது அந்தக் காலம். இது டர்போ எஞ்சின். சண்டைக் கதையை விட்டிட்டுச் சாப்பிடுங்கோ" என்றான்.

மேனுகா சிரித்தாள். என் மகள். வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த நாளிலிருந்து என் சொல்லுக்கு இங்கே விலை இல்லை.

20 ஜனவரி

றிப்னாஸின் கடையில் ஒயில் மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

2 பெப்ரவரி

செய்துவிட்டேன்.

இருவரும் அக்கராயனில் ஒரு கலியாணவீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனார்கள். நாளைக்கு ஹயர், வாடகை ஓட்டம் இருக்கிறது, கழுவிய கார் புழுதிபடக் கூடாதாம். காருக்குக் கீழே படுத்து, நட்டைக் கழற்றி, அவன் ஊற்றிய தண்ணீரை எல்லாம் இறக்கினேன். அதை வேலிக் கட்டைகளுக்குப் பூசினேன், கறையானுக்கு நல்லது. பிறகு இருபது-ஐம்பதை ஊற்றினேன். தேன் மாதிரி இறங்கியது.

இது கெடுதல் இல்லை. எழுதி வைக்கிறேன், கெடுதல் இல்லை. இரண்டு மாதம் நன்றாக ஓடட்டும். ஆட்கள் இருக்கும்போது சொல்லுவேன். அப்போது யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

9 பெப்ரவரி

"எஞ்சின் சத்தம் குறைஞ்சு போச்சு மாமா. பாத்தீங்களே, றிப்னாஸ் அண்ணை தந்த ஒயிலின்ர வேலை" என்றான்.

நான் ஊற்றிய ஒயிலுக்கு றிப்னாஸுக்குப் பேர். இன்னும் கொஞ்சம் ஏறட்டும். ஏறினால்தானே விழலாம்.

27 பெப்ரவரி

காலையில் கிளப்பும்போது கீச்சென்று ஒரு சத்தம். பின்னால் நீலப் புகை. அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அவன் குளிக்கப் போன நேரம் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஜப்பான் எழுத்துத்தான், ஆனால் இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே. சைபர்-இருபது. டர்போவுக்குப் போகிற ஒயில் குழாய் ஈர்க்கு அளவு. அதற்குள்ளால் தடிப்பு ஒயில் எப்படி நேரத்துக்குப் போய்ச் சேரும்?

பிழை விட்டுவிட்டேன்.

ஒரு வசனம் போதும்: தம்பி, ஒயிலை மாத்து. ஏன் என்று கேட்பானே? மேனுகா திரும்பவும் சிரிப்பாளே?

"என்ன மாமா புகை?" என்று அவனே வந்து கேட்டான்.

"பனிக்கு அப்பிடித்தான் வரும். ஓடு" என்றேன்.

11 மார்ச்

புளியங்குளத்துக்குக் கிட்ட எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. உள்ளே அழகம்மா. சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு தரம் வவுனியாவுக்கு இரத்தம் சுத்தம் செய்யப் போகிற மனுசி. சாருஜனின் நிரந்தர ஹயர். ஒன்றரை மணித்தியாலம் தெருவோரம் வெயிலில் கிடந்தாவாம். அவவின் மகன் இனி வேறு கார் பிடிப்பானாம்.

இந்த வீட்டுக்கு அந்தக் கார் ஒன்றுதான் உழைப்பு. சாருஜன் சாப்பிடவில்லை. மேனுகாவும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

14 மார்ச்

வவுனியாக் கராச்சில் எஞ்சினைத் திறந்துவிட்டார்கள். உள்ளே கிடந்தது சைபர்-இருபது இல்லையாம், ஏதோ கள்ளத் தடிப்பு ஒயிலாம்.

ஆனால் சாருஜன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "றிப்னாஸ் ஒயில் கானுக்குள்ள வேற ஒயிலை ஊத்தி வித்திருக்கிறான் மாமா."

நான் சொன்னதை இங்கேயாவது எழுத வேண்டும். "அவங்களை நம்பினால் இப்பிடித்தான் தம்பி" என்றேன்.

15 மார்ச்

சாருஜனோடு கடைக்குப் போனேன். பார்க்கச் சனம் கூடிவிட்டது. றிப்னாஸுக்கு நோன்பு, உதடு காய்ந்திருந்தது. வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது போய், புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, திரும்பி வந்து போட்ட கடை அது. சீல் உடைக்காத கான் ஒன்றை இறக்கித் திறந்து, தன் உள்ளங்கையில் ஊற்றி, என் முன்னால் நீட்டினான்.

"நோன்போட சொல்லுறன் அண்ணை, நான் குடுத்தது இதுதான். நீங்கள் ஒயில் தெரிஞ்ச ஆள். தொட்டுப் பாத்துச் சொல்லுங்கோ."

தொட்டேன். அசல் ஒயில்.

"இண்டைக்கு நல்லதைத்தானே காட்டுவாய்" என்றேன்.

சனம் சிரித்தது. றிப்னாஸ் கையைத் துடைக்காமலே நின்றான்.

6 ஏப்ரல்

றிப்னாஸ் தன் செலவில் பாவித்த எஞ்சின் ஒன்று எடுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். "பிழை என்னில இல்லை. எண்டாலும் உங்கட வீட்டில அடுப்பு எரிய வேணும், ஊருக்குள்ள என்ர பேரும் கிடக்க வேணும்" என்றானாம்.

சனம் அதையும் விடவில்லை. குற்றம் இல்லாதவன் ஏன் எஞ்சின் கொடுக்கிறான் என்று கேட்கிறது. நல்ல கேள்விதான். முதலில் கேட்டது நான்.

8 ஏப்ரல்

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழும்பினேன். மேனுகா தேத்தண்ணீர் ஊற்றும்போது, "தம்பி, ஒரு கதை கதைக்க வேணும்" என்று தொடங்கினேன்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றான். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். "நீங்கள் அண்டைக்கே சொன்னீங்கள். நான்தான் கேக்காமல் கள்ளச் சைபர்-இருபதை நம்பிக் கெட்டுப்போனன். இனி ஒயில் ஊத்துறது நீங்கள்தான். உங்கட இருபது-ஐம்பதையே ஊத்துங்கோ."

மேனுகா முதல் கோப்பையை எனக்கு நீட்டினாள். "அப்பா சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

எத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தச் சொல். என் வாயால் அதை எப்படிக் கெடுப்பேன்?

சொல்லவில்லை.

17 ஓகஸ்ட்

கார் நன்றாக ஓடுகிறது. அழகம்மாவின் மகனும் திரும்பி வந்துவிட்டான். ஒயில் மாற்றுகிற நாளில் யாரையும் கிட்ட வர விடமாட்டேன். ரக்ரர் ஒயில் கானுக்குள் சைபர்-இருபதை நிரப்பி வைத்து, அதிலிருந்து ஊற்றுகிறேன். "தங்கராசா மாமாவின்ர தடிப்பு ஒயில்" என்று சாருஜன் போகிற இடமெல்லாம் சொல்கிறான். கார் வைத்திருக்கிறவர்கள் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். இருபது-ஐம்பது என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். வேறு என்ன சொல்வது?

றிப்னாஸ் போன மாதம் கடையைப் பூட்டிவிட்டுப் புத்தளத்துக்கே போய்விட்டான். சைபர்-இருபது வாங்க இனிக் கிளிநொச்சிக்குத்தான் போக வேண்டும். நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன்.