மங்குக்குக் கீழே ஒரு சாண்

நேற்று மாலை உன் மனைவி என் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு பழைய சாக்கை நீட்டினாள். "அண்ணே, இது எனக்கு எதுக்கு? நீங்க வச்சுக்கிறீங்களா, இல்ல தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டாள். சாக்கைப் பிரித்ததும் காய்ந்த ரப்பர் ஒட்டுப்பால் வாடை குப்பென்று அடித்தது. உள்ளே உன் பந்து. நீ போய் நாற்பது நாளாகிறது. குளிர்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்று அழாமல் நின்றவன், அந்த நாற்றத்துக்கு அழுதேன். அவள் பார்த்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போட்டுடாத தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன்.

உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது எழுதுகிறேன். லாயாங் லாயாங் ஊர் ரயில்வே ஆட்களிடம் நாம் நாலு கோல் வாங்கித் தோற்றோமே, அன்று மோசமாக ஆடியவன் நான். தோட்டத்து அணிக்குத் தலைவன், நடுவில் நிற்கிறவன், பிறவி ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கியவன், இரண்டு கோலை அடிக்க முடியாமல் விட்டேன். ஆனால் திரும்பி வரும் வழியில் எல்லார் முன்னாலும் உன்னைத்தான் பிடித்துக்கொண்டேன். "இடது ஓரத்துல நிக்கிறவனுக்கு இடது காலே இல்லையே, ரெண்டும் வலது காலா இருக்கு. அடுத்த ஆட்டத்துக்கு வேற ஆளப் பார்த்துக்கிறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ "சரி" என்றாய். கோபித்திருந்தால் எனக்கு எளிதாகப் போயிருக்கும்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாய். தோல்பந்து ஆபீஸ் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமைதான் துரை வெளியே விடுவார். அதனால் லாலான் புல்லை உருண்டையாகக் கட்டி, ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நூல்போல உரித்து, அதன் மேல் சுற்றிச் சுற்றி நீயே ஒரு பந்து செய்துகொண்டாய். காலையில் வெட்டிய பாலை எடுத்து ஸ்டோரில் ஊற்றிய பிறகு, மற்றவர்கள் சோற்றுக்குப் போவார்கள். நீ உன் நெரைக்குத் திரும்பிப் போவாய். வரிசையாக நிற்கும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு கவிழ்த்து வைத்திருக்கும். பந்து மங்குக்குக் கீழே ஒரு சாண் இடத்தில் பட வேண்டும், மங்கு அசையக் கூடாது, திரும்பி வருகிற பந்து காலடியிலேயே நிற்க வேண்டும். இதுதான் நீ உனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். வேடிக்கை பார்த்துக் கேலி செய்வதற்கென்றே ஒருநாள் பின்னால் வந்தேன். பத்து மரம் இடது காலால், அப்புறம்தான் ஒரு மரம் வலது காலால்.

"எதுக்குடா இடது காலயே இந்தப் பாடு படுத்துற?"

"வலது காலுக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சதையே செஞ்சுக்கிட்டிருந்தா சந்தோசமா இருக்கும், அவ்வளவுதான்."

முதல் வாரத்தில் மூன்று மங்கு உடைத்தாய். கங்காணி மரத்துக்கு மரம் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்து, "நீ மரத்த வெட்ட வந்தியா, ஒதைக்க வந்தியா? இன்னொன்னு ஒடஞ்சுது, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல எல்லார் முன்னாலயும் நிக்க வச்சுருவேன்" என்று கத்தினார். லயத்து வீடுகள் முழுக்க உனக்கு 'மரத்தோட மல்லுக்கட்டுறவன்' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்தது நான்தான். உனக்கு அது தெரிந்தே இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, நம் ஆட்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடிய ஞாயிற்றுக்கிழமை, நீ பந்தாடும் பாடாங்குக்கு வந்து நின்றாய். "ஒரு அரை ஆட்டம் பாரு, அப்புறம் சொல்லு" என்றாய். காலையிலிருந்து மழை. முதல் பந்து உன்னிடம் வந்தது. நீ காலை இதமாகப் பின்னுக்கு இழுத்தாய், மரத்தில் பட்டுத் துள்ளி வரும் பந்துக்குப் பழகிய கால் அது. நனைந்த தோல்பந்தோ உன் காலுக்கு வந்து சேராமல் இரண்டடி தள்ளிச் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. அடுத்ததும் அப்படியே. நீ உதைத்த பந்து பாதி தூரம்கூடப் போகவில்லை. துள்ளுகிற ரப்பர் கை நிறைய இருக்கிறதே என்று அதிலேயே பந்து செய்து பழகுகிற தவற்றை, நம்மைப் போன்ற பால்மரக்காரனைத் தவிர வேறு யார் செய்வார்? "அலமாக்! மரத்தத்தான் ஏமாத்த முடியும் மாப்ள" என்று நான் கத்தினேன். அன்று உன் முகம் தொங்கியது. இதோடு விட்டுவிடுவான் என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னால், விட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மறுநாள் நான் பார்க்கும்போது நீ நெரையில் உட்கார்ந்து, அந்தப் பந்தைப் பால்வெட்டும் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாய். லாலான் புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, துணியில் ஈரமணலைக் கட்டி உள்ளே வைத்து, மேலே மறுபடி சுற்றினாய். "பந்து மேல தப்பில்ல. நான்தான் எனக்குத் தோதான பந்தத் தேடிக்கிட்டேன்" என்றாய். அந்த மணல்பந்தை வெறுங்காலால் உதைத்து உன் விரல்கள் வீங்கின. காலையில் பெரட்டுக்கு நொண்டிக்கொண்டு வருவாய், யாராவது கேட்டால் "சுமா, கல்லு தடுக்கிடுச்சு" என்பாய். மழை பெய்தால் மற்றவர்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள், நீ பந்தோடு வெளியே ஓடுவாய். விரல் வீக்கம் வற்றியபோது உன் இடது கால் வேறு காலாகியிருந்தது. அடுத்த ஞாயிறு நானே வந்து உன்னை இடது ஓரத்தில் நிற்கச் சொன்னேன். எனக்கு உன்மேல் பொறாமை வந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் ரயில்வேக்காரர்களோடு மறு ஆட்டம். பக்கத்துக்கு ஒரு கோல், முடிய இன்னும் கொஞ்ச நேரம். நீ இடது ஓரத்தில் ஒருவனைத் தாண்டிப் போய், எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது இடது காலால் ஒன்று அனுப்பினாய். இரண்டு ஆட்களுக்கு நடுவே புகுந்து பந்து நேராக என் முன்னால் வந்தது. எதிரே கோல் திறந்து கிடந்தது. ஆனால் பந்து வந்தது என் இடது காலுக்கு. அதை வலது காலுக்கு மாற்றிக்கொள்ள நான் ஒரு நொடி எடுத்தேன், அதற்குள் கோல்காரன் விழுந்து அணைத்துக்கொண்டான். ஆட்டம் சமனில் முடிந்தது. எல்லாரும் என் தோளைத் தட்டி, விதி, சேறு, வழுக்கல் என்று என்னென்னவோ சொன்னார்கள்.

நீ கால் சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தாய். நான் உன்னைச் சொன்னதையெல்லாம் நீ எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். நீ சொன்னது இவ்வளவுதான்: "மரம் நெறையக் கெடக்கு மாப்ள. நாளைக்கு வா."

வந்தேன். சேர்ந்து பழகலாம் என்று உன் நெரையில் வந்து நின்றதும் விரட்டிவிட்டாய். "ரெண்டு பேரு நின்னா பேச்சுதான் வளரும். நீ அந்தப் பக்கத்து நெரைக்குப் போ." அப்படியே ஆறு வருஷம். நீ ஒரு நெரை, நான் ஒரு நெரை, நடுவே மரங்கள். உன் பந்து மரத்தில் படும் சத்தம் எனக்கும் என் சத்தம் உனக்கும் கேட்கும். என் மங்கு விழுந்து உடைந்தால் அந்தப் பக்கத்திலிருந்து உன் சிரிப்பு மட்டும் வரும். தனியாகப் பழகுகிறவனை யாரும் மெச்ச மாட்டார்கள், ஏமாற்றினால் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். ஆகையால் ஏமாற்றாமல் இருப்பதுதான் பாதிப் பயிற்சி என்பதை அந்த நெரையில்தான் கற்றேன்.

வருகிற ஞாயிறு மறுபடியும் ரயில்வேக்காரர்கள் வருகிறார்கள். இடது ஓரத்துக்கு யார் என்று லயத்தில் எல்லாரும் கேட்டார்கள். நான் என்றேன். முப்பது வயதுக்கு மேல் நடுவிடத்தை விட்டு யாராவது ஓரத்துக்குப் போவார்களா என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், உன்னைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் இது கால்வாசிகூட இல்லை. நீ போன மூன்றாம் நாளிலிருந்து உன் நெரையில்தான் பழகுகிறேன். பக்கத்து நெரையில் சத்தமே இல்லாதது முதலில் கையைக் காலைக் கட்டிப்போட்டது போல இருந்தது. ஓடி ஓடி வந்து, இடது காலால், மங்குக்குக் கீழே. நீ பத்து மரத்துக்கு ஒன்பது அடிப்பாய். எனக்கு இன்று ஏழு.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.