எல் போர்டு வண்டியிலிருந்து ஓடிய மாப்பிள்ளை

என் செல்லத் தங்கச்சி மாரிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் எல்.எல்.ஆர். எடுத்துவிட்டார். நாற்பதைத் தாண்டிய மனுசன், சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவர், விருதுநகர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டக் டக்கென்று பதிலை அமுக்கினார். எல்லாம் என் பயிற்சி. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் ரோட்டு விதியில் என்னை அடிக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. அதிகாரியே எழுந்து நின்று, "இவருக்குச் சொல்லிக் கொடுத்தது யாருங்க?" என்று கேட்டார். ஆமத்தூர் டீக்கடையில் அவர் எனக்குச் சல்யூட் அடித்ததாகவே சொல்லி வைத்திருக்கிறேன். நீ இருந்தால், "போதும்ணே, பாவம் அந்தாளு உக்காரட்டும்" என்பாய்.

இந்த வயதில் எதற்கு லைசென்ஸ் என்கிறாயா? எல்லாம் பாப்பாவுக்காகத்தான். நீ போன பிறகும் அவர் பட்டாசு வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். கம்பெனி வேன் வரும்போதெல்லாம் உன் மகள் வாசலை மறித்துக்கொண்டு, "போகாதீகப்பா" என்று அழும். பார்க்கச் சகிக்காமல் காலண்டர் கம்பெனி முதலாளியிடம் பேசினேன். லைசென்ஸோடு வந்தால் லோடு வண்டி ஓட்டலாம் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் குட்டியானை லோடு வண்டியில் எல் போர்டு ஒட்டி அவரைக் கூப்பிட்டேன். செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டு ஏறினார்.

"மாப்ள, இது வெடிமருந்து ரூம் இல்ல, வண்டி. செருப்பப் போட்டுட்டு ஏறுங்க."

"பழக்கம் மச்சான்" என்று சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

ஆமத்தூர் தாண்டி மெதுவாகத்தான் போனோம். ஏதோ கல்யாண வீட்டில் சரவெடி கொளுத்தினார்கள். அவ்வளவுதான். ஸ்டியரிங்கை விட்டார், கதவைத் திறந்தார், குதித்தார். ஓடிப்போய்க் கருவேலங்காட்டுக்குள்தான் நின்றார். ஆனால் வண்டி நிற்கவில்லையே! முன்னால் பஸ்ஸுக்காகப் பெண்கள் நின்றிருந்தார்கள். நான் பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஒற்றைக் கையால் இழுத்ததாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் என்ன மறைக்க? இரண்டு கையாலும், கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். கண்ணைத் திறந்தால், வண்டிக்கு முன்னால் ஒரு பெண் கூடையோடு உறைந்து நிற்கிறாள்.

பயம் தெளிந்ததும் ஒருத்தி வாயைத் திறந்தாள். "ஏண்ணே, டிரைவரு எங்கன ஓடுதாரு? பொண்டாட்டி வாராளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். கூடைக்காரிதான், "ஏ, சும்மா இருடி. அது நம்ம மாரி வீட்டுக்காரருடி" என்றாள். சிரிப்பு அப்படியே நின்றது.

முள் கிழித்த காலோடு அவர் திரும்பி வந்தார். "சத்தம் கேட்டதும் அவ குரல்தான் மச்சான் கேட்டுச்சு. 'ஓடுங்க, திரும்பிப் பாக்காதீக'ன்னா. அன்னைக்கும் அப்படித்தான ஓடுனேன். எனக்கு வண்டி ஆகாது."

"அப்ப பாப்பாட்ட என்ன சொல்லுவீக?"

அவர் குனிந்து காலில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கினார்.

அன்றைக்குத் தீப்பிடித்த மருந்து அறைக்குள்ளிருந்து நீ கத்திய அந்த ஒரு வார்த்தையால்தான் அவர் பிழைத்தார். நீதான் வெளியே வரவில்லை. அந்த வார்த்தையை நான் எப்படி அவர் காலிலிருந்து எடுப்பேன்? எடுக்கலாமா? ஓட்டுகிறவன் ஓடினால் ரோட்டில் நிற்கிறவள் கதி என்ன?

இன்று காலை பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. சாப்பாட்டுத் தூக்கோடு போய் ஏறிவிட்டார். பாப்பா அழவில்லை, மறிக்கவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்று யோசித்திருக்கிறேன், கோபப்படாதே. ஆனைக்குட்டம் பக்கம் ஆளில்லாத பொட்டலில் வண்டியை நிறுத்தி, அவரை உள்ளே உட்கார வைத்து, தூரத்தில் வேறொரு ஆளை ஒவ்வொரு வெடியாகப் போடச் சொல்லப் போகிறேன். அவர் சம்மதித்தால்தான். ஓடாதே என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன், மாரி. 'ஓடுங்க' என்பது நீ சொன்ன சொல். பிரேக்கை மிதித்துவிட்டு ஓடுங்கள் என்று மட்டும் சொல்வேன். அது பழகும்வரை ரோட்டுக்கு வண்டியை எடுக்க விடமாட்டேன். பழகவே இல்லையென்றால் அதே முதலாளி காலில் விழுந்தாவது காலண்டர் கட்டுகிற வேலை வாங்குவேன். எப்படியும் அந்த வேனிலிருந்து அவரை இறக்குவேன். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொன்னதில்லை.

பக்கத்து சீட்டை விட்டு இறங்காத
உன் அண்ணன்